இன்பம் சொன்ன மணி

ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மணி பார்க்கச் சொல்லித் தருவதில் ஜெபகனி மூன்று வருஷமாகத் தோற்றுக்கொண்டிருந்தாள்.

ஆம்பூரில் ரயில் பாதையை ஒட்டி, தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை செய்கிறவர்கள் குடியிருந்த தெருக்களுக்கு நடுவே இருந்தது அந்த மிஷன் பள்ளிக்கூடம். ஓட்டுக் கூரை, இரண்டே அறை. பெரிய அறையில் ஒரு சுவர்க் கடிகாரம் உண்டு. பிள்ளைகளை அதன் கீழே நிறுத்தி, சின்ன முள் இங்கே நின்றால் இத்தனை மணி, பெரிய முள் அங்கே போனால் இத்தனை நிமிஷம் என்று அவள் பிரம்பால் காட்டுவாள். பிள்ளைகள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். மறுநாள் கேட்டால் ஒன்றும் நிற்காது. பெரிய முள் மூன்றில் நின்றால் அதற்குப் பெயர் கால் மணி என்று சொன்ன அன்று, மணிக்குக் காலிருந்தால் கை எங்கே என்று ஒரு பையன் கேட்டுவிட்டான். அவர்கள் சிரித்து ஓய்வதற்குள் பள்ளிக்கூடம் விட்டுவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் பங்குனியில் அவள் வழியை மாற்றினாள். கடிகாரத்தை விட்டுவிட்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் பெரிய வட்டம் போட்டு, பன்னிரண்டு பிள்ளைகளை அதன்மேல் உட்கார வைத்தாள். நடுவில் குட்டையான பிள்ளை ஒன்று, நெட்டையான பிள்ளை ஒன்று, இரண்டும் கையை நீட்டிக்கொண்டு முள்ளாகச் சுற்றும். அதற்குப் பிறகு காதால் கேட்கிற மணிகளைச் சொல்லித் தந்தாள். இருட்டோடு மெயில் வண்டி கூவிக்கொண்டு போனால் நாலு. மசூதியில் பாங்கு சொன்னால் ஐந்து. மாதா கோயில் மணி அடித்தால் ஆறு. கடிகாரம் இல்லாத வீட்டுப் பிள்ளைகள் எல்லாரும். ஆனாலும் இந்தச் சத்தங்களைக் கேட்டுத்தான் புரண்டு படுக்கிறார்கள், எழுந்திருக்கிறார்கள். அந்தச் சத்தங்களுக்கு எண் உண்டு என்பது மட்டும் அவர்களுக்குத் தெரியாமல் இருந்தது. தினமும் காலையில் ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, தன் வீட்டில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று சொல்ல வேண்டும். அதுதான் பாடம்.

ஏழு மணிக்குத் தோல் ஷாப்புச் சங்கு என்பதையும் அவள் சொல்லித் தந்திருப்பாள். ஆனால் அந்த மாதம் சங்கு ஊதவில்லை. ஷாப்பில் ஸ்ட்ரைக்கு நடந்துகொண்டிருந்தது.

அறுநூறு பேர் வேலைக்குப் போகாமல் இருந்தார்கள். சங்கு ஊதி உள்ளே போனால் இருட்டிய பிறகுதான் வெளியே விடுகிறார்கள், பத்து மணி நேரத்துக்குமேல் ஒருவரும் நிற்க மாட்டோம் என்பது கோரிக்கை. சங்கத்துக்குச் செகரெட்டரி ஜெபகனியின் புருஷன் ஜெயகரன். தோல் பதனிட வருகிற ஆவாரம்பட்டை வண்டிகளை எடை போட்டு இறக்குகிற குமாஸ்தா அவன். அதிகம் பேசமாட்டான், பேசினால் நாலு பேர் கேட்பார்கள். கூட்டம், நோட்டீசு, மறுபடி கூட்டம் என்று அலைந்து, கன்னமெல்லாம் ஒட்டிப் போயிருந்தான்.

வெயில் அந்த வருஷம் முன்னாடியே வந்துவிட்டது. பாலாற்றில் மணலைத் தவிர ஒன்றுமில்லை. பெண்கள் ஊற்றுத் தோண்டி, சிரட்டையால் மொண்டு, குடம் நிரம்பும்வரை காத்திருந்தார்கள். தெருவில் காலையில் கேழ்வரகுக் கூழ், சாயங்காலம் களியும் முருங்கைக்கீரையும். மூன்றாவது வாரத்தில் முருங்கை மரங்கள் மொட்டையாகிவிட்டன. பதினொரு மணியானால் பள்ளிக்கூடத்தில் பாதிப் பிள்ளைகள் பசியில் பாயிலேயே தூங்கிவிடும். ஜெபகனி எழுப்பமாட்டாள்.

ஜெயகரனுக்கு அப்போது ஒரு கவலை இருந்தது. ஷாப்பில் முப்பது சுண்ணாம்புத் தொட்டிகளில் தோல் ஊறிக்கொண்டிருந்தது. அதைத் தினமும் வெளியே இழுத்துப் போட்டு, தொட்டியைக் கலக்கி, மறுபடி இறக்க வேண்டும். நாலு நாள் விட்டால் தோல் வெந்துபோகும், ஊரே மூக்கைப் பிடித்துக்கொள்ளும். மூன்று வாரமாகியும் அந்த நாற்றம் வரவில்லை. வெளியூர் ஆட்களை உள்ளே வைத்துத் தோலைப் புரட்டுகிறார்கள், அவர்களுக்குப் பக்குவம் சொல்ல வேலை தெரிந்தவன் எவனோ போகிறான் என்று ஒருநாள் சாப்பிடும்போது அவன் சொன்னான். ஜெபகனி காதிலும் அது விழுந்தது. அவள் அப்போது சட்டியில் ஒட்டிய களியைச் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

இன்பம் அந்த வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை. வயசு ஆறு. மாதா கோயில் தெருவில் இருக்கும் இருதயராஜின் மூத்த மகள். தொட்டி வேலையில் இருதயராஜை மிஞ்ச ஆளில்லை என்பார்கள். சுண்ணாம்பு அரித்து அரித்து அவனுக்கு முழங்கை வரைக்கும் தோல் வெளுத்திருக்கும். பிள்ளையோ நிழலில் நிழலாக ஒதுங்கிக்கொள்ளும். வட்டத்தில் எப்போதும் ஒன்பதாம் இடத்தில் உட்காரும், கேட்டால் தலையை ஆட்டும், அவ்வளவுதான்.

ஒரு திங்கட்கிழமை ஒவ்வொரு பிள்ளையாகச் சொல்லிக்கொண்டு வந்தது. அநேகமாக எல்லாம் ஒரே கதை. ஆறு மணிக்கு அம்மா எழுந்தாள், நைனா எழுந்திருக்கவில்லை, வேலை இல்லை. இன்பத்தின் முறை வந்தபோது அது தானாகவே எழுந்து நின்றது.

"எங்க நைனா நாலு மணிக்குப் போனாரு டீச்சர்."

"நாலுன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"மெயில் வண்டி கூவுச்சு. அப்ப கதவத் தொறந்தாரு."

"எப்ப வந்தாரு?"

பிள்ளை கண்ணை மூடி யோசித்தது. "பாங்கு சொல்லி முடிச்சிட்டாங்க. கோயில் மணி இன்னும் அடிக்கல. அஞ்சரை டீச்சர்."

ஜெபகனி எழுந்தே நின்றுவிட்டாள். அரை மணி என்பதை அவள் வட்டத்தில் ஒரே ஒருதரம் காட்டியிருந்தாள். ஐந்தும் இல்லை, ஆறும் இல்லை, அப்படியானால் இரண்டுக்கும் நடுவே என்று ஒரு கடிகாரமும் பார்க்காமல் அந்தப் பிள்ளை தானாகக் கணக்குப் பண்ணியிருந்தது. மூன்று வருஷத்தில் முதல் பிள்ளை. அவள் இன்பத்தைத் தூக்கி மேஜைமேல் நிறுத்தி, மற்றவர்களைக் கைதட்டச் சொன்னாள். நாலு மணிக்கு அந்த மனிதன் எங்கே போனான் என்று அவளுக்குக் கேட்கத் தோன்றவேயில்லை. பின்னாளில் எத்தனையோ தரம் அந்த இடத்துக்கே திரும்பி வந்து யோசித்துப் பார்த்தாள். அன்றைக்குத் தோன்றவில்லை என்பதுதான் உண்மை.

அன்று சாயங்காலம் புருஷனிடம் சொன்னாள். பள்ளிக்கூட விஷயத்தைச் சொல்லி அவனிடம் பதில் வாங்குவது கல்யாணமான இந்த ஐந்து வருஷத்தில் நடந்ததில்லை. அவள் சொல்லுவாள், அவன் உம் என்பான், மனசு பட்டை வண்டியில் இருக்கும். அன்றைக்கு அவன் தட்டிலிருந்து கையை எடுத்துவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான். மறுபடி சொல்லு என்றான். யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டான். அவள் சொன்னாள். நாலுக்குப் போய் அஞ்சரைக்கு வருகிறார் என்பதை அந்தப் பிள்ளை குத்துமதிப்பாகச் சொல்லுகிறதா, ஒருநாள் சொன்னதையே தினமும் சொல்லுமா என்று கேட்டான். அவளுக்கும் அது நல்ல கேள்வியாகத்தான் பட்டது. நாளைக்கும் கேட்டுப் பார்க்கிறேன் என்றாள்.

மறுநாளும் பிள்ளை அதையே சொன்னது. சாயங்காலம் ஜெயகரன் வாசலிலேயே காத்திருந்தான்.

"இன்னிக்கு அந்தப் பொண்ணு இன்னா சொல்லுச்சு?"

அந்தக் கேள்வி அவளுக்கு எத்தனை இனிப்பாக இருந்தது என்பதை அவள் பிறகு யாரிடமும் சொன்னதில்லை. அன்று அடுப்பு வேலையைக்கூட மறந்து, வட்டம் போட்ட கதை, கால் மணிக் கதை எல்லாவற்றையும் சொல்லித் தீர்த்தாள். அவன் இடையிடையே சிரித்தான். நேரம் சொல்லித் தருகிறாயே, திசையும் சொல்லித் தரக் கூடாதா, கிழக்கு மேற்கு தெரிந்தால்தானே சூரியனைப் பார்த்து மணி சொல்ல முடியும் என்றான். அவளுக்கு அது தோன்றியதே இல்லை. இப்படி ஒரு ஆள் பக்கத்தில் இருந்தும் மூன்று வருஷம் வீணாய்ப் போயிற்றே என்று நினைத்துக்கொண்டாள்.

புதன்கிழமை பிள்ளைகளை வெளியே நிறுத்தி, ரயில் பாதை எந்தப் பக்கம், ஆறு எந்தப் பக்கம், கோயில் எந்தப் பக்கம் என்று காட்டினாள். உங்கள் அம்மா தண்ணீருக்கு எந்தப் பக்கம் போகிறாள், நைனா எந்தப் பக்கம் போகிறார் என்று கேட்டாள். ரோட்டு வழியாகப் போகமாட்டார், ஆற்றுப் பக்கம் இறங்கி மணலிலேயே நடந்து போவார் என்றது இன்பம். விளக்கு கொண்டுபோகமாட்டார் என்பதையும் கேட்காமலே சொன்னது. அது இப்போது நிறையப் பேச ஆரம்பித்திருந்தது. அன்று சாயங்காலம் ஜெபகனி அதையும் வீட்டுக்குக் கொண்டுபோனாள்.

வெள்ளிக்கிழமை காலை இன்பம் வரவில்லை. பிள்ளைகளை வட்டத்தில் உட்கார வைக்கும்போது ஒன்பதாம் இடம் காலியாக இருந்தது. அதில் வேறு பிள்ளையை வைக்கலாமா என்று அவள் யோசித்துக்கொண்டிருந்தபோது, ஜட்கா வண்டிக்கார ஷபீ அஹமது வாசலில் வந்து நின்றார். பெரிய வகுப்பில் படிக்கும் தன் பையனிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் போக வந்தவர். சட்டையில் ரத்தம் இருந்தது. ஜெபகனி பதறிக் கேட்க, தன்னுடையது இல்லை என்றார்.

"நம்ம இருதயராஜுதான் டீச்சரம்மா. ஆத்துல போட்டு அடிச்சிட்டானுங்க. தொழுதுட்டு ஊத்துல குதிரைக்குத் தண்ணி காட்டப் போனேன், மணல்ல கெடந்தாரு. வலது மணிக்கட்டு ரெண்டா ஒடைஞ்சிருக்குது. ஆஸ்பத்திரில விட்டுட்டு வர்றேன்." வியர்வையைத் துடைத்துக்கொண்டு மேலும் சொன்னார். "ரோட்ல இல்ல, ஆத்துல. வர்ற நேரம், வழி எல்லாம் தெரிஞ்சு உக்காந்திருந்திருக்கானுங்க. பேஜாரான வேலை."

அவர் போன பிறகும் ஜெபகனி வாசலிலேயே நின்றாள். உள்ளே முள்ளாக நின்ற இரண்டு பிள்ளைகளும் எத்தனையில் போய் நிற்கட்டும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். தலைமை ஆசிரியரிடம் வயிற்று வலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனாள். போகிற வழியில், தன் புருஷன் இல்லை, வேறு யாராவது வேறு எப்படியாவது கண்டுபிடித்திருப்பார்கள் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டே நடந்தாள்.

ஜெயகரன் கூழைக் கரைத்துக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்ததும் அவனுக்குப் புரிந்துவிட்டது. அவன் மறைக்கவும் இல்லை.

"அடிக்கச் சொல்லல நான். நிறுத்திக் கேளுங்கன்னுதான் சொன்னேன். ரெண்டு பசங்களுக்குக் கை மீறிப் போச்சு."

"நேரத்தை யாரு சொன்னது அவங்களுக்கு?"

"நான் சொன்னேன்."

"உங்களுக்கு யாரு சொன்னது?"

அவன் கூழ்ச் சட்டியை ஓரமாகத் தள்ளி வைத்தான். பிறகு மெதுவாகவே பேசினான். அறுநூறு குடும்பம் பட்டினி கிடக்கிறது, அவன் ஒருத்தன் தினம் ரெண்டு படி அரிசிக்காக உள்ளே போய்த் தோலைக் காப்பாற்றிக் கொடுக்கிறான், தோல் கெடாதவரை முதலாளி இறங்கி வரமாட்டான், இன்னும் ஒரு மாசம் இழுத்தால் முதலில் சாகிறது உன் வகுப்புப் பிள்ளைகள்தான் என்றான். ஒவ்வொன்றும் நியாயமாகத்தான் இருந்தது. அவளால் ஒன்றையும் மறுக்க முடியவில்லை. அவள் கேட்க வந்தது வேறு.

"எங்கிட்ட நேராக் கேட்டிருக்கலாம் இல்ல. அந்தாளு போறாரா, எப்ப போறாருன்னு கேட்டுச் சொல்லுன்னு."

"கேட்டிருந்தா சொல்லியிருப்பியா?"

"மாட்டேன்."

"அதான்."

அந்த ஒரு சொல்லில் மூன்று சாயங்காலமும் போயிற்று. அவன் சிரித்தது, மறுபடி சொல்லு என்றது, கிழக்கு மேற்கு என்றது எல்லாம் ஒவ்வொன்றாக அவளுக்கு ஞாபகம் வந்தது. வட்டம் போட்ட கதையை அத்தனை ஆசையாகச் சொன்னதை நினைத்து உடம்பே கூசிற்று. பின்கட்டுக்குப் போய்க் குடத்தில் இருந்த தண்ணீரை முகத்தில் அடித்துக்கொண்டாள். ஊற்றில் அரை நாள் காத்து எடுத்த தண்ணீர், முழுவதையும் கொட்டிவிட்டாள்.

சாயங்காலம் மாதா கோயில் தெருவுக்குப் போனாள். இருதயராஜின் மனைவி சவுரியம்மாள் வாசலில் உட்கார்ந்து முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தாள். கடைசியாக வந்த அரிசியாக இருக்கும். தெருவில் ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. இன்பம் கதவுக்குப் பின்னால் நின்றது. காலில் விறகுக் குச்சியின் தடம் வரிவரியாகக் கன்றியிருந்தது.

சவுரியம்மாள் அவளை உட்காரச் சொன்னாள். பிள்ளையை அடித்ததைத் தானே ஒப்புக்கொண்டாள். வீட்டில் நடப்பது வெளியே போனது இவள் வாயால்தான், தெருவில் விளையாடும்போது எவனிடமோ உளறியிருக்கிறாள், யாரிடம் சொன்னாய் என்று கேட்டால் டீச்சரிடம் மட்டும்தான் என்று சாதிக்கிறாள், டீச்சர் மேலேயே பொய் சொல்கிறாளே என்றுதான் கை நீண்டுவிட்டது என்றாள்.

"அவ பொய் சொல்லல," என்றாள் ஜெபகனி. "என்கிட்ட மட்டும்தான் சொன்னா. நான்தான் வீட்ல சொன்னேன்."

சவுரியம்மாளின் கை முறத்திலேயே நின்றது. டீச்சர் செகரெட்டரியின் மனைவி என்பது தெருவுக்கே தெரிந்த விஷயம், அதற்குமேல் விளக்க ஒன்றுமில்லை. திட்டுவாள், மண்ணை வாரித் தூற்றுவாள் என்று ஜெபகனி எதிர்பார்த்தாள். அப்படிச் செய்திருந்தால் தாங்கியிருக்கலாம்.

"கூழு இல்லாத அன்னிக்கும் அனுப்பினேன் டீச்சரம்மா," என்றாள் சவுரியம்மாள். "அங்க போனா நல்லது கத்துக்கும்னு."

உள்ளே போய்ப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, காலில் இருந்த தடங்களில் எண்ணெய் தடவ ஆரம்பித்தாள். ஜெபகனி இன்பம் என்று கூப்பிட்டாள். பிள்ளை அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டது.

போலீஸ் வந்தது. ஏட்டு ஆஸ்பத்திரிக்கே போய், யார் அடித்தது என்று இருதயராஜைக் கேட்டான். இருட்டில் முகம் தெரியவில்லை என்றான் இருதயராஜ். அவனோடு பத்து வருஷம் ஒரே தொட்டியில் நின்றவர்கள்தான் அடித்தது. இருமலை வைத்தே அவனால் ஆளைச் சொல்லியிருக்க முடியும். இரண்டாம் தரமும் கேட்டார்கள், அதையே சொன்னான். அந்தச் செய்தியை ஜெயகரன்தான் வீட்டில் வந்து சொன்னான். சொல்லிவிட்டு வெகுநேரம் சட்டையைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தான். ஜெபகனி சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டுப் பின்கட்டுக்குப் போனாள்.

இருதயராஜ் போகாத ஐந்தாம் நாள் ஊரில் நாற்றம் கிளம்பியது. ஆலங்காயம் பக்கத்திலிருந்து மேஸ்திரி கூட்டி வந்து உள்ளேயே தங்க வைத்திருந்த ஆட்களுக்குச் சுண்ணாம்பின் பக்குவம் தெரியவில்லை. எட்டாம் நாள் முதலாளி பேச்சுக்கு வந்தார். பத்து மணி நேரத்துக்குச் சம்மதித்தார். சங்கத்தின் கோரிக்கையில் கடைசியாக ஒன்று இருந்தது: கருங்காலி வேலை செய்த இருதயராஜை மறுபடி சேர்க்கக் கூடாது. மற்ற ஒவ்வொன்றுக்கும் இரண்டு மணி நேரம் வழக்காடிய முதலாளி இதற்கு மட்டும் உடனே தலையசைத்தாராம். கை உடைந்தவனை வைத்துக்கொண்டு முதலாளிதான் என்ன செய்ய? அவர் சொல்லி, அவர் அரிசிக்குத்தான் அவன் மூன்று வாரம் மணலில் நடந்தான். காகிதத்தில் ஜெயகரனும் கையெழுத்துப் போட்டான்.

மறுநாள் ஏழு மணிக்குச் சங்கு ஊதியது. தெருவே கொண்டாடியது. வகுப்புக்கு வந்ததும் பிள்ளைகள் சங்கு ஏழு, சங்கு ஏழு என்று தாங்களாகவே கத்தினார்கள். வீட்டில் எத்தனை மணிக்கு என்ன நடந்தது என்று ஜெபகனி கேட்டபோது ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. வீட்டில் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் என்று தெரிந்தது. அவளும் இரண்டாம் தரம் கேட்கவில்லை. ஒரு துணியை நனைத்துத் தரையில் இருந்த வட்டத்தை அழித்தாள்.

சித்திரை பிறந்த இரண்டாம் நாள் இருதயராஜ் குடும்பம் ஊரைவிட்டுப் போவதாக ஷபீ அஹமது சொன்னார். அரக்கோணத்தில் ரயில்வேயில் இருக்கும் மைத்துனனிடம் போகிறார்கள், ஒரு கையால் செய்கிற வேலை ஏதாவது கிடைக்குமா என்று பார்க்க. அவர் வண்டியில்தான் சாமான் போயிற்று. ஜெபகனி பள்ளிக்கூடத்துக்கு லீவு சொல்லிவிட்டு ஸ்டேஷனுக்குப் போனாள். புருஷனிடம் சொல்லவில்லை.

பிளாட்பாரத்தில் வெயில் ஏறியிருந்தது. சவுரியம்மாள் கைக்குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் முந்தானையால் முகத்தை மறைத்துக்கொண்டு திரும்பி உட்கார்ந்தாள். இருதயராஜ் எழுந்து நின்றான். கட்டுப்போட்ட கை கழுத்தில் தொங்கியது. மன்னிப்புக் கேட்க அவள் நாலு வாக்கியம் சேர்த்து வைத்திருந்தாள். முதல் வாக்கியத்திலேயே அவன் இடது கையைக் காட்டி நிறுத்தினான்.

"பொண்ணு கரெக்டாத்தான் சொல்லியிருக்குது டீச்சரம்மா. மெயில் நாலு மணிக்குப் போவுதுன்னு எனக்கே தெரியாது."

அதில் கோபம் இருந்ததா, பெருமை இருந்ததா என்று அவளுக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. இரண்டும் இருந்திருக்கலாம். அவன் தண்ணீர் பிடிக்கப் போனான்.

இன்பம் டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தது. தடங்கள் ஆறிக் கறுத்திருந்தன. ஜெபகனி வாங்கி வந்த வறுகடலைப் பொட்டலத்தை நீட்டினாள். பிள்ளை வாங்கிக்கொண்டது, பிரிக்கவில்லை. நேரெதிரே ஸ்டேஷன் மாஸ்டர் அறைக்குமேல் பெரிய வட்டக் கடிகாரம் இருந்தது.

கூடையில் வெற்றிலைக் கட்டுகளோடு ஒரு கிழவி தட்டுத் தடுமாறி வந்து பெட்டி பக்கத்தில் இறக்கினாள். கண் தெரியவில்லை போலிருக்கிறது. கையை நெற்றிமேல் வைத்துக் கடிகாரம் இருந்த பக்கம் பார்த்துவிட்டு, பிள்ளையைக் கேட்டாள்.

"பாப்பா, மணி இன்னா ஆவுது, பார்த்துச் சொல்லு."

இன்பம் தலையைத் தூக்கிக் கடிகாரத்தைப் பார்த்தது. சின்ன முள்ளைப் பார்த்தது, பெரிய முள்ளைப் பார்த்தது. உதடு அசைந்தது. அஞ்சு, பத்து, பதினஞ்சு என்று அது எண்ணுவதை ஜெபகனி பார்த்துக்கொண்டே நின்றாள். எண்ணி முடித்த பிறகு பிள்ளை திரும்பி அவள் முகத்தை ஒருதரம் பார்த்தது.

"எனக்கு மணி பாக்கத் தெரியாது ஆயா," என்றது.